பகடை உருளும் இரவின் இசை

பங்குனி பிறந்துவிட்டால் ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் பாரதம் தொடங்கிவிடும். செய்யாறு, வந்தவாசி, போளூர் என்று எந்தச் சாலையில் போனாலும் ஆடி மாதம் வரை ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயில் வாசலில் பந்தல் நிற்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். இரவில் அதே கதையின் அன்றைய பகுதி கூத்தாக நடக்கும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துயில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என இரவுகள் நீளும். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். அன்று மாலையே தீமிதி.

இந்த வரிசையில் நான்காவதாகச் சொன்ன பகடை துயில்தான், அதாவது தருமர் சூதில் தோற்று, திரௌபதியின் துகிலை உரியும் கதைதான், இக்கட்டுரைக்குப் பொருள். பகடை உருட்டி ஆடும் விளையாட்டு, அதற்குள் வேடம் ஏற்கும் மனிதர்கள், அவர்களைத் தாங்கும் இசை ஆகிய மூன்றும் அந்த ஓர் இரவில் ஒன்றாக இருக்கின்றன. உலகத்தின் வேறொரு மூலையில் கடந்த ஐம்பது ஆண்டுகளாக இதே மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முயற்சி நடந்துவருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் கூத்தின் இசையைப் பற்றி இதுவரை கவனிக்காத ஒன்று புலப்படுகிறது.

முதலில் அந்த மூலையைப் பார்த்துவிடலாம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள். ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். கதையை நடத்துகிறவர் ஒருவர் தனியாக உண்டு. குகையும் அரக்கனும் புதையலும் அவர் வாய்ச்சொல்லில்தான் இருக்கும். வாள் வீச்சு பட்டதா, பூட்டு திறந்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். இருபது முகம் கொண்ட பகடை இந்த விளையாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இந்த விளையாட்டுக்குக் கதைநிலத்தைத் தந்தவர்களில் ஒருவர் டோல்கீன். அவருடைய ‘தி ஹாபிட்’ 1937லும் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954–55லும் வந்தன. அந்த நாவல்களில் பாத்திரங்கள் ஓயாமல் பாடுகிறார்கள். நடக்கும்போதும், சாப்பிடும்போதும், செத்தவருக்கு இரங்கும்போதும் பாட்டு வருகிறது. 1977இல், அவர் மறைந்த பிறகு வெளியான ‘தி சில்மரில்லியன்’ இன்னும் ஒரு படி மேலே போய், உலகமே ஒரு பெரும் கூட்டிசையிலிருந்து பிறந்தது என்று தொடங்குகிறது. ஆனால் புத்தகத்தில் பாட்டின் சொல் இருக்கும், மெட்டு இருக்காது. அந்த வெற்றிடத்தை நிரப்பப் பலர் வந்தார்கள். டொனால்ட் ஸ்வான் 1967இல் டோல்கீனின் பாடல்களுக்கு இசையமைத்து வெளியிட்டார். ஸ்வீடனின் போ ஹான்சன் 1970இல் ஆர்கனை முதன்மையாக வைத்து, சொல்லே இல்லாமல், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை ஓர் இசைத்தட்டாக்கினார். ஜெர்மனியின் பிளைண்ட் கார்டியன் என்ற ஹெவி மெட்டல் குழு 1998இல் ‘சில்மரில்லியன்’ கதைகளை முழு இசைத்தொகுப்பாகப் பாடியது. 1990களில் நார்வேயில் மார்ட்டிஸ் போன்றவர்கள் சிந்தசைசரை மட்டும் வைத்துக்கொண்டு பாழடைந்த கோட்டைகளின் மனநிலையை வாசித்தார்கள். அதற்கென்று ‘டஞ்சன் சிந்த்’ என்ற ஒரு வகையே உருவாயிற்று. 2003இல் மிட்நைட் சிண்டிகேட் என்ற அமெரிக்கக் குழு, ஆடும்போது பின்னணியில் ஓடவிடுவதற்கென்றே ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டது.

இவற்றில் பல நல்ல இசை. ஹான்சனின் தட்டை இரவில் தனியாகக் கேட்பவருக்கு அது தரும் ஏகாந்தம் உண்மையானது. ஆனாலும் இவை அனைத்துக்கும் பொதுவான ஓர் எல்லை இருக்கிறது. இசை கதைக்குப் பிறகு வருகிறது, அல்லது ஆட்டத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது. பகடை உருளும் கணத்தில் அந்த இசைக்கு வேலை இல்லை. அதை நிறுத்திவிட்டாலும் ஆட்டம் நடக்கும். 1976இல் அந்த விளையாட்டில் பாணன் போன்ற ஒரு பாத்திர வகையைச் சேர்த்தார்கள். பாட்டால் தோழர்களுக்குத் துணிவு ஊட்டுவது அவன் வேலை. அங்கேயும் பாட்டு என்பது விதிப்புத்தகத்தில் ஓர் எண்தான். ஆடுகிறவர் உண்மையில் பாட வேண்டியதில்லை. பாடியதாகச் சொன்னால் போதும்.

கூத்தில் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. பாடாவிட்டால் வேஷம் இல்லை.

பகடை துயில் இரவை இசையின் பக்கமிருந்து பார்ப்போம். இரவு பத்து மணிக்கு மேல் களரி கட்டுவார்கள். மிருதங்கமும் டோலக்கும் கைத்தாளமும் சேர்ந்து எழுப்பும் அந்த ஓசைதான் அழைப்பு. அது கேட்ட பிறகுதான் ஊர் பாயோடு வந்து சேரும். பிறகு கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியங்காரன் வருவான். அதன்பின் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். வேஷக்காரர் திரைக்குப் பின்னாலிருந்தே தான் யார் என்பதைப் பாடத் தொடங்குவார். கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கை கேட்கும், முகம் தெரியாது. பாட்டும் அடவும் ஏறி ஏறி, திரை விலகும்போது துரியோதனன் வந்து நிற்பான். மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் அவனை ஆளுயரத்துக்கு மேல் தூக்கிக் காட்டும். அதற்குப் பிறகு சுழல் ஆட்டம், கிறுகிறுவென்று. திரைப் பிரவேசம் முடியச் சில வேளை அரை மணி நேரம்கூட ஆகும். இந்த நேரத்தை வீண் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பகலில் ஏர் ஓட்டிய, அல்லது தறியில் இருந்த ஒருவர் அரசனாக மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அந்த மாற்றத்தைச் செய்து முடிப்பது இசைதான்.

பாடல் வகைகளுக்கும் தனித்தனி வேலை உண்டு. விருத்தம் தாளமின்றி நீண்டு நின்று நிலைமையைச் சொல்லும். தரு தாளத்தோடு வந்து ஆடவைக்கும். கந்தார்த்தம் வாக்குவாதத்தை முன்னே தள்ளும். சிந்து மனத்தை நேராகத் தொடும். இடையில் வசனம். வேஷக்காரர் ஓர் அடி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் அவர் மூச்சு வாங்கிக்கொள்வார், ஆடுவார், அடுத்த அடியை யோசிப்பார். முகவீணை இந்த எல்லாவற்றின் மீதும் ஓடும். நாகசுரத்தைவிடச் சிறியது, குரல் மிக உயர்ந்தது. பாடுகிறவர் விட்ட இடத்தில் பிடித்து, அடுத்த அடி வரும்வரை சுருதியைக் கீழே விழாமல் வைத்திருக்கும். கூத்துப் பாட்டு உச்ச ஸ்தாயியில் நிற்பதற்கு ஒலிபெருக்கி இல்லாத காலத்துத் திறந்த வெளி ஒரு காரணம், முகவீணை இன்னொரு காரணம்.

வசனத்தில் பெரும் பகுதி அங்கேயே பிறப்பது. பாட்டு எழுதப்பட்டது. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற சென்னைப் பதிப்பகங்கள் கூத்து நூல்களை மலிவு விலையில் அச்சிட்டு ஊர் ஊராகச் சேர்த்தன. ஆனால் அந்தப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் இரவை நடத்த முடியாது. எங்கே நீட்டுவது, எங்கே சுருக்குவது, கூட்டம் கண்ணயர்ந்தால் கட்டியங்காரனை எப்போது இறக்குவது என்பதையெல்லாம் குழுவை நடத்தும் வாத்தியார் பார்த்துக்கொள்வார். மேசை விளையாட்டில் கதையை நடத்துகிறவருக்கும் வாத்தியாருக்கும் உள்ள ஒற்றுமை இந்த இடத்தில் மிக நெருக்கமானது. விதி தெரியும், கதை தெரியும், இன்று இரவு அது எப்படிப் போகும் என்பது மட்டும் தெரியாது.

பெரிய வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் பகடை விழும்வரை முடிவு யாருக்கும் தெரியாது. பகடை துயிலில் முடிவு எல்லாருக்கும் தெரியும். தருமர் தோற்பார். நாடு, தம்பிகள், தான், மனைவி என்று வரிசையாகத் தோற்பார். வடமொழி மகாபாரதத்தின் சபா பருவத்திலேயே இந்தக் காட்சி ஏறக்குறைய ஒரு பாட்டின் வடிவில் இருக்கிறது. ஒவ்வொரு பணயத்துக்கும் சகுனி காயை உருட்டி, தான் வென்றதாக ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். பல்லவிபோல அது வந்து வந்து விழுகிறது. கூத்தில் அந்தத் திருப்பம் உண்மையிலேயே பாட்டாகிறது. பணயம் வைப்பதும் தோற்பதும் தாளத்தில் நடக்கின்றன. பகடையிடம் இல்லாத நிச்சயமின்மையை இசை உண்டாக்குகிறது. அடுத்த அடியில் இந்த மனிதன் நிறுத்திவிட மாட்டானா என்று பார்ப்பவரை ஏங்கவைப்பது பின்பாட்டின் அந்த வாங்கல்தான். முடிவு தெரிந்த ஆட்டத்தை எட்டு மணி நேரம் விழித்திருந்து பார்க்கவைக்க வேறு எதனாலும் முடியாது.

பாரதி இதை நன்றாக உணர்ந்திருந்தார். 1912இல் ‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகத்தை வெளியிட்டபோது பாரதம் முழுவதிலிருந்தும் அவர் எடுத்துக்கொண்டது இந்தச் சூதாட்டத்தைத்தான். அதற்கு அவர் தேர்ந்த வடிவங்களில் நொண்டிச் சிந்து முன்னே நிற்கிறது. எளிய சொல், பொதுமக்கள் விரும்பும் மெட்டு என்று முன்னுரையிலேயே தன் நோக்கத்தைச் சொல்லிவிட்டார். பகடைக் காட்சிக்குச் சிந்துதான் பொருந்தும் என்பதைக் கூத்துக்காரர்கள் அவருக்கு முன்பே கண்டிருந்தார்கள். இரண்டு மரபும் ஒரே நாடியைப் பிடித்திருக்கின்றன என்பது என் கருத்து.

இனி ஆரணிக்கு வருவோம். இது தறிகளின் ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஒரு பட்டுப்புடவை கைத்தறியிலிருந்து இறங்கப் பல நாள் ஆகும். பாவு ஓட்டுவதிலிருந்து முந்தானை முடியும்வரை வீட்டில் கணவன், மனைவி இருவர் கையும் அதில் இருக்கும். இந்த ஊரைச் சுற்றிலும்தான் ஆண்டுதோறும் திரௌபதியின் புடவையை இழுக்கும் இரவு நடக்கிறது. முந்தானை என்பது புடவையின் முடிவு. நெய்கிறவருக்கு அது உழைப்பின் முடிவும்கூட. திரௌபதி கண்ணனை அழைத்த பிறகு அவளுடைய புடவைக்கு அந்த முடிவு வருவதில்லை. இந்த அற்புதத்தின் அளவை மற்ற ஊர்க்காரர்களைவிடத் தறிக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாக உணர்வார்கள் என்று நம்புகிறேன். புடவையின் ஒவ்வொரு முழமும் என்ன விலை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் காட்சியில் இசை செய்வதைக் கவனிக்க வேண்டும். திரௌபதி வேஷக்காரர் சபைக்கு இழுத்துவரப்படும்போது பாட்டு மெலிந்து முறையீடாகிறது. சபையில் உள்ள ஒவ்வொருவரிடமும் நீதி கேட்கிறாள், பதில் இல்லை. பிறகு கண்ணனை அழைக்கிறாள். அப்போது தாளம் மாறும், களரியில் உள்ள அத்தனை பேரும் குரல் சேர்ப்பார்கள், முகவீணை உச்சத்துக்குப் போகும். பல ஊர்களில் திரௌபதி வேஷத்துக்குக் கற்பூரம் காட்டுவார்கள். துச்சாதனன் வேஷக்காரர், தான் செய்யப்போகும் காரியத்துக்கு அம்மனிடம் மன்னிப்பு வேண்டிக்கொண்டுதான் புடவையைத் தொடுவார். பார்க்கும் பெண்களில் சிலருக்குச் சாமி வரும். வேஷக்காரருக்கே நினைவு தப்புவதும் உண்டு. இந்த நிலையை அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990இல் வெளியான தெருக்கூத்து பற்றிய தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபைட்டல் எழுதிய பெருநூல்களும் இந்தக் கூத்துகளை மையமாகக் கொண்டவை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். திரௌபதி இங்கே குலதெய்வம், தாய். அவள் கதையைக் கற்பனைக் கதை என்று அழைப்பது அந்தக் கற்பூரத்தின் முன் நிற்பவர்களை அவமதிப்பதாகும். நான் ஒப்பிடுவது நம்பிக்கையை அல்ல. பகடை, வேடம், இசை மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கும் விதத்தை மட்டும்தான்.

கூத்தின் இசை பாரதத்துக்கு மட்டும் கட்டுப்பட்டதா என்ற கேள்விக்குப் பதில் செய்யாறு பக்கத்துப் புரிசையில் இருக்கிறது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரைக் கூத்து மன்றம் பிரெக்டின் ‘காகேசிய வெண்கட்டி வட்டம்’ நாடகத்தை ‘வெள்ளை வட்டம்’ என்ற கூத்தாக்கியது. காப்ரியல் கார்சியா மார்க்கேஸின், பெரிய சிறகுகளோடு வானிலிருந்து விழுந்த கிழவனைப் பற்றிய கதையையும் கூத்தாக ஆடியது. மாயக் கதைக்கு நம் ஊர் இசை பொருந்துமா என்று யாரும் விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. திரை பிடித்தார்கள், சிறகுள்ள கிழவன் பாடிக்கொண்டே வந்தான். போ ஹான்சன் நாவலைப் படித்துவிட்டு அறைக்குள் வாசித்த இசைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கண்ணப்பத் தம்பிரானோடு நாடக ஆசிரியர் ந. முத்துசாமிக்கும் 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறைக்கும் இருந்த உறவு நவீனத் தமிழ் நாடகத்தையே திருப்பியது. தம்பிரானின் மகன் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

காஞ்சிபுரம் பக்கத்தில் இன்னொரு பாதை. பெருங்கட்டூர் பொ. ராஜகோபாலும் டச்சு ஆய்வாளர் ஹன்னா டி புருயினும் 1990இல் அமைந்த கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியாகக் கலைஞர்களை ஒன்றுசேர்த்தார்கள். 2002இல் தொடங்கிய குருகுலத்தில் படிப்போடு கூத்தும் கற்பித்தார்கள். அங்கே பெண்பிள்ளைகள் கிரீடமும் புஜக்கட்டையும் தரிக்கும் கட்டை வேஷம் கட்டி, துரியோதனனாகவும் கர்ணனாகவும் பாடினார்கள். ஆண்களின் உச்சக் குரலுக்கென்று அமைந்த பாட்டைப் பெண்குரல் எடுத்தபோது அதன் நிறமே மாறியது. டி. எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகிய கர்நாடக இசைக் கலைஞர்கள் ராஜகோபால் குழுவோடு ஒரே மேடையில் பாடியதும் நடந்தது. மோகனமும் முகாரியும் இரண்டு இடத்திலும் உண்டு. சபாவில் உட்கார்ந்து பாடும் முகாரிக்கும், இருபது அடி சுழன்றுவிட்டு நின்று மூச்சு வாங்காமல் எடுக்கும் முகாரிக்கும் உடல் வேறு, ஆகவே இசையும் வேறு.

பாரதம் வெளிநாட்டு மேடைக்கும் போனது. ஆங்கிலேய நாடக இயக்குநர் பீட்டர் புரூக் 1985இல் பிரான்சின் அவின்யோன் அருகே ஒரு கல்குவாரியில் அரங்கேற்றிய ஒன்பது மணி நேர ‘மகாபாரத’த்துக்கு ஜப்பானியரான தோஷி சுசிடோரி இசையமைத்தார். பல நாட்டுக் கருவிகள் அதில் ஒலித்தன. உலகம் அதைக் கொண்டாடியது. அதே காலத்தில் ஆரணியைச் சுற்றி ஒவ்வோர் ஆண்டும் பத்து இருபது இரவுகள் பாரதம் ஆடிய மேளக்காரர்கள், முகவீணைக்காரர்கள் பெயர்கள் எந்த இசை வரலாற்றிலும் ஏறவில்லை.

இன்று முகவீணை அருகிவருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராக வந்த பார்சி, மராத்தி நாடகக் கம்பெனிகளின் தாக்கத்துக்குப் பிறகு தமிழ் மேடையில் ஆர்மோனியம் நிலைத்தது. கூத்துக்கும் அது வந்து சேர்ந்தது. ஆர்மோனியம் கெடுதல் இல்லை. சுருதி பிடிக்க எளிது, கற்றுக்கொள்ளவும் எளிது. ஆனால் பாடகர் விட்ட இடத்தை முகவீணை பிடிப்பதுபோல் அது பிடிப்பதில்லை. குரலோடு போட்டியிட்டுக் குரலை மேலே இழுப்பதும் இல்லை. ஒலிபெருக்கி வந்தபின் அந்த உச்சக் குரலுக்கே தேவை குறைந்தது. வேஷக்காரர் மைக்கின் அருகே நின்று பாட வேண்டியிருப்பதால் ஆட்டம் பாட்டிலிருந்து பிரியத் தொடங்குகிறது. மேற்கின் மாயக்கதை இசை எந்த இடத்தில் நின்றதோ, பாட்டு ஒரு பக்கமும் ஆட்டம் ஒரு பக்கமும் ஆன அந்த இடத்துக்கே கூத்தும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. இதுதான் எனக்குப் பெரிய கவலை.

கூத்து இசையைப் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் ராகப் பெயர்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றன. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பகடை உருளும் கணத்தில் மேளம் என்ன செய்கிறது? பின்பாட்டு எத்தனை முறை திரும்புகிறது, அதை நிறுத்துவது யார்? திரைக்குப் பின் பாடும் பாட்டுக்கும் முன் வந்து பாடும் பாட்டுக்கும் சுருதியில் மாற்றம் உண்டா? கூட்டம் எழுந்து நிற்கும்போது தாளம் எவ்வளவு முடுகுகிறது? கூத்து இசையை ஆட்டத்தின் இசை என்று எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால்தான் இவற்றுக்குப் பதில் கிடைக்கும்.

ஆரணி, செய்யாறு பகுதிக் கல்லூரிகளில் தமிழும் நாட்டார் வழக்காற்றியலும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பங்குனியில் உங்கள் ஊர்ப் பாரதத்தில் பகடை துயில் இரவு எது என்று கேட்டறியுங்கள். களரி கட்டுவதிலிருந்து விடிகாலை மங்களம் வரை, வாத்தியாரின் அனுமதியோடு, மேளத்துக்கு ஒன்று, முகவீணைக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என்று தனித்தனி ஒலிவாங்கி வைத்து முழு இரவையும் பதிவு செய்யுங்கள். துணுக்குகளாக வேண்டாம். பதிவின் ஒரு படியைக் குழுவிடமே கொடுங்கள், வாசித்தவர்கள் அத்தனை பேரின் பெயரையும் அதில் எழுதுங்கள். உங்கள் பகுதியில் முகவீணை வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தால், பங்குனிவரை காத்திருக்காமல் இந்த மாதமே அவரிடம் போங்கள்.